நைட் ஷிப்ட் வாரம்

என் மகளுக்கு அப்போது ஆறு வயது. பிறந்தபோது மூச்சு வரத் தாமதமானதில் மூளை பாதிக்கப்பட்டுவிட்டது என்று டாக்டர் சொன்னார். அவளுக்குக் கால் இரண்டும் விறைத்துக்கொள்ளும். தினமும் நீட்டி மடக்கி, மெதுவாக இழுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் முட்டி மடங்கியபடியே நின்றுவிடும், அப்புறம் ஆபரேஷன்தான். அவளுக்குப் பேச்சு குறைவு. ஆனால் அழுதால் தெருக்கோடி வரை கேட்கும்.

வாரத்தில் ஒருநாள், எனக்கு லீவு வரும் நாளில், பொன்னேரியில் இருக்கும் பயிற்சி மையத்துக்குக் கூட்டிப்போவோம். கும்மிடிப்பூண்டியிலிருந்து ரயில், இறங்கினால் ஷேர் ஆட்டோ. வாசல் வரை பிள்ளையைத் தூக்கிப்போவது நான். உள்ளே பயிற்சி தரும் மேடத்திடம் போவது என் மனைவி. அங்கே வருகிற எல்லா வீட்டிலும் அப்படித்தான். அப்பாக்கள் எதிர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். உள்ளே வராதீர்கள் என்று யாரும் சொன்னதில்லை. வாங்க என்றும் கூப்பிட்டதில்லை. எனக்கு அது நிம்மதியாகவே இருந்தது. நாலு பேர் இருக்கிற இடத்தில் எனக்கு வாய் வராது. அஞ்சாவது வரைதான் படித்தேன். படித்தவர்கள் ஏதாவது கேட்டால், பதில் தெரிந்திருந்தாலும் தலையை மட்டும் ஆட்டுவேன்.

ஒருநாள் என் மனைவி வெளியே வந்தபோது முகம் இறுகியிருந்தது. ரயிலில் உட்கார்ந்த பிறகுதான் கேட்டேன்.

"இன்னா ஆச்சு?" என்றேன்.

"ஊட்ல டெய்லி பண்றீங்களான்னு கேட்டுச்சு அந்த மேடம். பண்றேன்னேன். பண்ணா காலு இப்படியா இருக்கும், பொய் சொல்லாதீங்கம்மான்னு சொல்லிச்சு. அத்தினி பேரும் பாத்துக்கினு இருக்காங்க."

"வுடு."

"இன்னாத்த வுடறது? இனிமே நான் வர்ல. நீயே இட்டுக்கினு போ. இல்லியா, நிறுத்திடு."

மகள் என் மடியில் ஜன்னலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் முட்டியைத் தடவிப்பார்த்தேன். மரக்கட்டை மாதிரி இருந்தது. நிறுத்த முடியாது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே தெரியும்.

அடுத்த வாரம் நானும் மகளும் மட்டும் போனோம். டீக்கடை பெஞ்சைத் தாண்டி நடந்ததும் பின்னால் சிரிப்பு கேட்டது. வள்ளூரில் மின் நிலைய வேலைக்குப் போகிற ஒருவர், அவர் பையனும் அங்கேதான் வருகிறான், சத்தமாகச் சொன்னார்:

"இன்னா மாமா, உள்ள போறியா? பாத்து. மேடம் உன் காலையும் சேத்து இழுத்துவுட்ரும்!"

உள்ளே பாய் விரித்திருந்தது. அந்த மேடத்துக்கு என் கடைசித் தங்கை வயது இருக்கும். மகளைப் பாயில் படுக்கவைத்து, நாற்காலியில் இருந்தபடியே குனிந்து காலைத் தொட்டுப்பார்த்துக்கொண்டே பேசினார். பாதி இங்கிலீஷ். எந்தத் தசை, எத்தனை முறை, எந்தக் கோணம். வெளியே இன்னும் பிள்ளைகள் காத்திருந்தன, அந்த அவசரம் அவர் குரலில் இருந்தது. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நான் வேலை செய்யும் இரும்பு மில்லில் சூப்பர்வைசர் என்ன சொன்னாலும் அப்படித்தான். தலையாட்டிவிட்டு வந்து பக்கத்து ஆளிடம் கேட்டுக்கொள்வோம். இங்கே பக்கத்து ஆள் யாரும் இல்லை.

"புரிஞ்சுதா அண்ணா?"

"புரிஞ்சிது மேடம்."

"எங்க, ஒரு தடவை நீங்க பண்ணிக் காட்டுங்க."

நான் கணுக்காலைப் பிடித்தேன். அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. திட்டப்போகிறார் என்று நினைத்தேன்.

அவர் திட்டவில்லை. கணுக்காலிலேயே நின்ற என் கையைப் பார்த்தார். "நான் வேகமா பேசிட்டேன்," என்றார். பிறகு நாற்காலியை விட்டு இறங்கிப் பாயில் எனக்கு எதிரே உட்கார்ந்தார்.

"ஒரு விஷயம் எனக்குப் புரியல அண்ணா. இந்த வாரம் கால் நல்லா வளையுது. போன வாரம் அவ்வளவு இறுக்கம். கொஞ்ச நாள் நல்லா இருக்கு, திடீர்னு இறுகிடுது, திரும்ப நல்லாயிடுது. போன வாரம் உங்க வீட்ல ஒரு நாள் எப்படிப் போச்சு? காலைல இருந்து சொல்லுங்க."

பாடம் மாதிரி எதையாவது கேட்டிருந்தால் எனக்கு வாய் வந்திருக்காது. வீட்டில் நடந்ததைத்தானே கேட்கிறார். சொன்னேன்.

போன வாரம் எனக்கு நைட் ஷிப்ட். காலையில் ஏழு மணி வாக்கில் கம்பெனி பஸ்ஸில் இறங்குவேன். நாஷ்டா சாப்பிட்டுப் படுப்பேன். எங்களுடையது லைன் வீடு. ஒரே சுவர், வரிசையாக எட்டு வீடு, எல்லோரும் ஷிப்டுக்குப் போகிறவர்கள். வாசலில் சேஃப்டி ஷூ கிடந்தால் ஆள் தூங்குகிறான் என்று அர்த்தம். அந்த வாசலுக்கு முன்னால் யாரும் குரல் உயர்த்த மாட்டார்கள். தண்ணி லாரி வந்தாலும் குடம் இடிபடாமல் பிடிப்பார்கள். என் மனைவி அந்த வாரம் குக்கர் வைக்க மாட்டாள், பானையில்தான் வடிப்பாள். ராத்திரி முழுக்கச் சூட்டில் நின்றுவிட்டு வருகிறவன் தூக்கம் கெட்டால், அன்று ராத்திரி மெஷினில் கை போகும் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு.

"அந்த நேரத்துல பாப்பா?"

"அவங்கம்மா தூக்கிக்கினு வேப்பமரத்தாண்ட போய் உக்காந்துக்கும். நான் எழுந்திருக்கறவரைக்கும்."

"காலை எப்போ நீட்டுவாங்க?"

அந்த வாரம் நீட்டவே நேரம் இல்லை என்றேன். இழுத்தால் அழுவாள். அழுதால் எட்டு வீடும் எழும். சாயங்காலம் நான் எழுந்த பிறகு சமையல், எனக்குச் சோறு கட்டுவது, அதற்குள் பிள்ளை தூங்கிவிடும். சொல்லச் சொல்லத்தான் எனக்கே தெரிந்தது.

"அக்கா ஏன் இதை எங்கிட்ட சொல்லல?"

"புருஷன் தூங்கறான், அதனால புள்ளைக்குப் பண்ணலன்னு எப்படி மேடம் சொல்லும்?"

அவர் மகளின் பாதத்தைத் தடவினார். "நானும் கேக்கலையே. பண்ணீங்களா இல்லையான்னு மட்டும்தான் கேட்டேன்," என்றார்.

பிறகு, இதைச் செய் அதைச் செய் என்று சொல்லாமல், "நைட் ஷிப்ட் வாரத்துல எப்போ முடியும்?" என்று கேட்டார். அதற்கு எனக்குப் பதில் தெரிந்தது. நான் வந்து இறங்கும் நேரத்தில் லைனில் எல்லோரும் எழுந்திருப்பார்கள், குழாயடியில் சண்டையே நடக்கும். ஷூவைக் கழற்றி வாசலில் வைப்பதற்கு முன்னால் நானே செய்துவிட்டுப் படுக்கலாம். சொன்னேன்.

"நல்ல நேரம்தான்," என்றார். "அக்காவுக்கு போன் போடுங்க."

ஸ்பீக்கரில் போட்டேன்.

"அக்கா, நான் சென்டர்ல இருந்து பேசறேன். அன்னிக்கு எல்லார் முன்னாடியும் நீங்க பொய் சொல்றீங்கன்னு சொன்னேன். அது தப்பு. என்ன கஷ்டம்னு நான் கேட்டிருக்கணும்."

அந்தப் பக்கம் குழாயை மூடும் சத்தம் கேட்டது.

"மேடம்," என்றாள் என் மனைவி. "ரொம்ப நாளா கேக்கணும்னு. கால இழுக்கறப்போ அழுவுறாளே, அது வலிச்சி அழுவுறாளா, புடிக்காம அழுவுறாளா? எனக்குத் தெரிய மாட்டேங்குது. வலிக்குதோன்னு பாதிலயே வுட்டுர்றேன்."

எத்தனை மாதமாக இதை மனசில் வைத்திருந்தாளோ. என்னிடம்கூடக் கேட்டதில்லை.

"ரெண்டும் உண்டுக்கா. போன்ல சொன்னா புரியாது. முகத்தைப் பாக்கணும். அடுத்த வாரம் வாங்க, காட்டறேன்."

"இன்னிக்கு எத்தினி மணி வரைக்கும் இருப்பீங்க?"

"அஞ்சு வரைக்கும்."

"அந்தாள அங்கியே இருக்கச் சொல்லுங்க. அடுத்த வண்டில வரேன்."

வந்தாள். அவசரத்தில் கட்டிய புடவை, வியர்த்த முகம். மேடம் அவளை மகளின் தலைப்பக்கம் உட்காரவைத்தார். என் கை ஒன்றை முட்டிக்கு மேலும் இன்னொன்றைக் குதிகாலுக்கும் எடுத்து வைத்தார். வலித்தால் கண்ணை இறுக்கி மூடுவாள், மூச்சைப் பிடிப்பாள், உடனே விட்டுவிட வேண்டும் என்றார். பிடிக்காவிட்டால் கண் திறந்திருக்கும், யார் செய்கிறார்கள் என்று தேடும்.

மெதுவாக நீட்டினேன். மகள் வீறிட்டாள். நான் பயந்து மனைவியைப் பார்த்தேன். அவள் குனிந்து பிள்ளையின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கண்ணு தொறந்துதான்கீது," என்றாள். "உன்னியத்தான் மொறைக்கிறா. நீ இழு."