வெள்ளைப் பலகையில் பிள்ளையார் சுழி

விடிவதற்கு முன் பெங்களூர் விவேக் நகர் தேவாலயத்துப் பக்கத்துச் சந்தில் ஆபீஸ் வண்டிக்காக நிற்பேன். பால் பாக்கெட் போடுகிறவர் ‘குட் மார்னிங் சார்’ என்பார், நானும் சொல்வேன். வைட்ஃபீல்டில் இறங்கி, ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் அடுத்து வாயைத் திறப்பது ‘குட் ஈவினிங்’ என்று சொல்லத்தான். சேர்ந்த புதிதில் நாக்குக் குழறி மாற்றிச் சொல்லித் திட்டு வாங்கியிருக்கிறேன். அமெரிக்காவில் பள்ளி விட்டு வந்து கணக்குப் போட உட்காரும் பிள்ளைகளுக்கு நான் சாயங்கால வாத்தியார். பெயர் சாம். ஆரணியில் ஊரே கூப்பிட்ட சண்முகம் சார் இங்கே சம்பளப் பட்டியலில் மட்டும்தான் இருக்கிறார்.

ஊரில் என்னோடு வேலை பார்த்தவர்கள் போனில் கேட்கிறார்கள், முகமே தெரியாமல் எப்படிய்யா பாடம் நடத்துகிறாய் என்று. நடத்துகிறேன், என்ன செய்வது. திரையில் ஒரு வெள்ளைப் பலகை. நான் இங்கே எழுதுவது அங்கே தெரியும், அந்தப் பிள்ளை எழுதுவது இங்கே தெரியும். குரல் மட்டும் காதில் கேட்கும். பிள்ளைகளுக்குச் சலிப்புத் தட்டக் கூடாதென்று கம்பெனி மூளையைக் கசக்கி என்னென்னவோ செய்து வைத்திருக்கிறது. விடை சரியென்றால் கைதட்டல், பலூன், நட்சத்திரம். கீழே இரண்டு பொத்தான்கள்: பச்சை என்றால் புரிகிறது, சிவப்பு என்றால் புரியவில்லை. வாத்தியாருக்கும் அதே இரண்டு உண்டு. நாங்கள் அடிக்கடி ‘புரிகிறதா?’ என்று கேட்க வேண்டும், பிள்ளை அமுக்க வேண்டும். எத்தனை தரம் கேட்டோம், எத்தனை தரம் அமுக்கினார்கள் என்பதெல்லாம் ரிப்போர்ட்டில் ஏறிவிடும். இடையில் யாரும் பேசாமல் இருந்தால் அது சிவப்புக் கோடாக விழும். அதற்குப் பெயர் டெட் ஏர்.

இதை முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. ஆரணியில் ஒன்பதாம் வகுப்பில் ‘புரிஞ்சுதா?’ என்று கேட்டால் மொத்த வகுப்பும் ‘புரிஞ்சுது சார்’ என்று இழுத்துச் சொல்லும். பச்சைப் பொய் என்று எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும். கடைசி பெஞ்சில் ஒருத்தி பேனா மூடியைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்ப்பாள். அவளிடம் போய் நின்று, ‘எங்கம்மா விட்ட?’ என்று கேட்டால் போதும், விட்ட இடத்தைக் காட்டிவிடுவாள். இங்கே ஜன்னலும் தெரியாது, பேனா மூடியும் தெரியாது.

கேலா என்று ஒரு பெண் என்னிடம் வந்தாள். எட்டாம் வகுப்பு. வருஷக் கடைசித் தேர்வில் கணக்குத் தேறாவிட்டால் அவளை அதே வகுப்பில் நிறுத்திவிடுவார்கள், சிநேகிதிகளெல்லாம் மேலே போய்விடுவார்கள். முதல் நாளே இதைத் தண்ணீர் குடித்தேன் என்பது போலச் சாதாரணமாகச் சொன்னாள். எதைக் கேட்டாலும் பச்சை. கேட்டு முடிப்பதற்குள் பச்சை. ஆனால் ஒரு கணக்கு கொடுத்தால் எக்ஸை எந்தப் பக்கம் தள்ளுவதென்று தெரியாது. அந்தப் பொத்தானைப் பிடுங்கி எறியலாமா என்றிருந்தது எனக்கு.

ஒரு நாள் புதுப் பலகை திறந்ததும் என் கை பழக்க தோஷத்தில் மேலே ஒரு பிள்ளையார் சுழி போட்டுவிட்டது. அது என்ன, நத்தையா என்று கேட்டாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சாமி விஷயமெல்லாம் பேசக் கூடாதென்று டிரெயினிங்கில் தலையில் அடித்துச் சொல்லியிருந்தார்கள். நான் யோசிக்க ஆரம்பிக்கும்போது போடும் குறி என்று சமாளித்தேன். அவள், ‘ஓ, இப்போ என்கிட்ட பேசாதீங்கன்னு அர்த்தமா?’ என்றாள். ஆமாம் என்றேன். பிள்ளையார் மன்னிப்பார்.

அடுத்த கணக்கை வைத்தேன். பலகையின் மூலையில் கோணல்மாணலாக ஒரு சுழி விழுந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன். எழுதினாள், அழித்தாள், மறுபடி எழுதினாள். அவள் மூச்சு விடுவது மட்டும் காதில் கேட்டது. கடைசியில் விடை தப்பு. ஆனால் எங்கே தப்பென்று அவளே சொன்னாள். எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். அதற்குப் பிறகு பலூனும் வேண்டியதில்லை, நட்சத்திரமும் வேண்டியதில்லை. சுழி விழுந்தால் நான் பேச மாட்டேன். அவள் கணக்குக்குள் போவாள், திரும்பி வந்து கூப்பிடுவாள். சிவப்பு அமுக்கக்கூடப் பழகிவிட்டாள். தேறிவிடுவாள் என்றே நம்பினேன்.

தேர்வுக்குச் சில வாரங்கள் இருக்கும்போது எங்கள் ரிப்போர்ட்டையெல்லாம் பார்த்து மார்க் போடுகிற குவாலிட்டி ரேகா மேடம் கூப்பிட்டார். கண்டோன்மென்ட் பக்கத்தில் பல தலைமுறையாக இருக்கிற தமிழ்க் குடும்பம். கன்னடமும் தமிழும் ஒன்றாகத்தான் வரும். என் ரிப்போர்ட் முழுக்கச் சிவப்புக் கோடு.

“நீங்க நல்லா சொல்லிக்குடுக்கறீங்க சண்முகம், யாரு இல்லன்னாங்க? ஆனா நீங்க சும்னே உக்காந்திருக்கற மாதிரிதானே இதுல தெரியுது. அந்தப் பொண்ண இன்னிக்கே பிரசாத்துக்கு மாத்தியாச்சு.”

பலகையைப் பாருங்கள், அந்தப் பெண் அந்த நேரத்தில்தான் கணக்குப் போடுகிறாள் என்று மன்றாடினேன். பலகையில் எழுதுவது ரிப்போர்ட்டில் ஏறாதாம். அப்படியென்றால் பிரசாத்திடம் ஒரே ஒரு விஷயம் சொல்லிவிடுகிறேன், அவள் சுழி போட்டால் பேசாமல் இருக்க வேண்டும் என்றேன். ரேகா மேடம் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

“பேசாம இருக்கக் கூடாதுன்னுதானே சார் மாத்தினதே.”

அவரும் மேலே பதில் சொல்ல வேண்டியவர். நான் சண்டை போட்டிருக்கலாம் என்பீர்கள். ஊரில் பெண்டாட்டி பிள்ளைகள் அந்தச் சம்பளத்தில் இருக்கிறார்கள், போட்டு எங்கே போவது?

என் இடத்துக்கு வந்தபோது அடுத்த பிள்ளைக்கு நேரமாகிவிட்டிருந்தது, ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். பிரசாத் மல்லேஸ்வரத்துப் பையன், தங்கமானவன், எனக்கு இரண்டு இருக்கை தள்ளி உட்காருவான். ஏற்கெனவே ஹெட்போனில் கேலாவோடு இருந்தான். என் நாற்காலியை நகர்த்தினால் அவன் திரை தெரியும். கணக்கு வைத்திருந்தான். மூலையில் சுழி விழுந்தது. அவன் ஏதோ கிறுக்கல் என்று அழித்துவிட்டு, உற்சாகமாகப் புரிகிறதா என்று கேட்டான். மறுபடி சுழி விழுந்தது, முன்னைவிடப் பெரிதாக. நான் கையைத் தூக்கினேன், அவன் பார்க்கவில்லை. எழுந்திருக்கப் பார்த்தேன், ஹெட்போன் ஒயர் இழுத்தது. அதையும் அழித்தான். பலகை கொஞ்ச நேரம் வெள்ளையாகக் கிடந்தது. பிறகு கீழே பச்சை எரிந்தது.

என் காதுக்குள் புதுப் பிள்ளையின் குரல் கேட்டது. சாம், நான் சொல்வது புரிகிறதா, இருக்கிறீர்களா என்று. அது என்ன சொல்லிக்கொண்டிருந்தது என்று எனக்கு ஒரு வார்த்தைகூடத் தெரியாது.

நான் பச்சையை அமுக்கினேன்.