பின்வரிசையிலிருந்து வந்த பதில்

அந்த ஆவணப்படத்தில் அவள் வருவது நாலே நிமிடம். மருத்துவமனைச் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடித்தபடி, போர்க்காலத்தில் ஒரு சிப்பாய் பலவந்தம் செய்ததால் பிறந்தவள் தான் என்று சொல்வாள். அந்த நாலு நிமிடத்துக்காக, படம் எடுத்த பெண் அவளைத் திரையிடல்களுக்கு ஊர் ஊராக இழுத்தாள். "படத்தைப் பாத்தாதான் அக்கா, ஜனங்க இதைப் பத்தி வாயைத் திறப்பாங்க" என்பாள்.

திறந்தார்கள்தான். எங்கே போனாலும் அதே கேள்வி: "அப்பாவைத் தேடினீங்களா?" பள்ளிக்கூடத்தில் 'சிப்பாய்க் குட்டி' என்று கூப்பிட்டவர்களையே பொறுத்துக்கொண்டவளுக்கு, இந்தக் கனிவான முகங்களைப் பார்த்தால்தான் பற்றிக்கொண்டு வந்தது.

ஏழாவது தடவை நூலகக் கூடத்தில் திரையிட்டார்கள். வீட்டில் குழாய் வேலை நடந்ததால் அம்மாவையும் கூட்டிப்போக வேண்டியதாயிற்று. படத்தைப் பார்க்க மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிட்ட அம்மா, பையை மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தாள்.

படம் முடிந்து விளக்கு போட்டதும் மூக்குக்கண்ணாடிக்காரர் ஒருவர் எழுந்தார். "உங்களைப் பாக்கிறப்பல்லாம் உங்கம்மாவுக்கு அந்த ஆளோட முகம் ஞாபகம் வருமா?"

"அதை அம்மாகிட்டதான் கேக்கணும்" என்றாள், எப்போதும்போல.

"அப்போ என்னைக் கேளுங்களேன்!" பின்னாலிருந்து அம்மாவின் குரல். "வராது. இருட்டுல அவன் முகத்தை நான் பாக்கவே இல்ல. இவ எங்க அக்காவை உரிச்சு வச்சிருக்கா. கோவம் வந்தா அப்படியே அவதான்."

மேடையில் இருந்தவள் ஒலிவாங்கியைக் கீழே வைத்தாள். அம்மாவுக்கு அக்கா ஒருத்தி இருந்தாள் என்பதே நாற்பத்தொரு வயதில், அறுபது அந்நியர்களோடு சேர்ந்துதான் அவளுக்குத் தெரிய வேண்டுமா?

பேருந்து நிறுத்தத்தில் வெடித்தாள். "எத்தனை வருஷம் கேட்டிருப்பேன்? ஒரு வார்த்தை சொன்னியா? ஊரைக் கூட்டி வச்சுதான் சொல்லுவியா?"

"நீ என்ன கேட்டே? யாரு அவன், யாரு அவன்னுதானே அரிச்செடுத்தே. எனக்கு யாரு இருந்தாங்கன்னு என்னிக்காவது கேட்டியா?"

சுருக்கென்றது. உண்மையாக இருந்ததால் ஆத்திரம் இன்னும் கூடியது. பேருந்து வந்தது. ஓட்டுநர் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தார். ஏறாமல் கையை ஆட்டி அனுப்பிவிட்டாள்.

"சரி, இப்போ கேக்கறேன். பெரியம்மா எங்கே?"

"அது நடந்த அதே வாரம், ஊரைவிட்டு ஓடறப்போ ஆத்துல போயிட்டா. நீச்சல் தெரியும்னு எங்ககிட்டப் பொய் சொல்லியிருக்கா, கழுதை." அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தாள். பிறகு அந்த அக்கா பாடுவது, சண்டை போடுவது, அடுத்தவள் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவது என்று ஒவ்வொன்றாக வந்தது. இன்னும் இரண்டு பேருந்துகள் போயின.

எட்டாவது திரையிடலுக்கு அம்மா கூப்பிடாமலே கிளம்பினாள். ஒலிவாங்கியைப் பிடித்தவள், அக்கா கதையை இருபத்தைந்து நிமிடம் விடவில்லை. மகள் நடுவில் ஏதோ சொல்லப் போக, "உனக்கு என்ன தெரியும், சும்மா இரு" என்று எல்லார் முன்னாலும் அதட்டினாள். படம் எடுத்த பெண்ணுக்கு வாயெல்லாம் பல். அவளைப் பார்க்கப் பார்க்க மகளுக்கு எரிச்சலாக வந்தது. ஆனாலும் தன் நாற்காலியை அம்மா பக்கம் நகர்த்திப் போட்டு, ஒரு வார்த்தை விடாமல் கேட்டாள்.