தண்ணீர் ருசி பார்த்துத் தேடிய வீடு

நான் கோயம்புத்தூரில் பிறந்து வளர்ந்தவள். சிறுவாணித் தண்ணீர் குடித்து வளர்ந்தவர்களுக்குக் கொஞ்சம் திமிர் உண்டு. எந்த ஊருக்குப் போனாலும் முதல் வாய்த் தண்ணீரிலேயே அந்த ஊரை எடை போட்டுவிடுவோம். எண்பதுகளின் நடுவில், தர்மபுரியில் சொந்த வீடு வாங்கலாம் என்று நானும் என் கணவரும் முடிவு செய்தபோது அந்தத் திமிரோடுதான் கிளம்பினேன்.

அப்போது அதியமான்கோட்டையில் வாடகைக்கு இருந்தோம். அவருக்கு தர்மபுரியில் அலுவலக வேலை. நான் பாப்பாரப்பட்டி தாண்டி ஒரு கிராமத்துப் பள்ளியில் ஆசிரியை. மகள் கைக்குழந்தையாக இருந்தபோது மாற்றலாகி வந்தோம். வீடு தேடியபோது அவளுக்கு ஏழு வயது. முன்பற்கள் விழுந்து, பேசும்போதெல்லாம் காற்று ஊதிக்கொண்டிருந்தாள்.

வீடு காட்டியவர் கடைவீதியில் பூட்டும் கீலும் தாழ்ப்பாளும் விற்கும் ஒரு பாய். கடைக்கு வருகிறவர்கள் வீடு பற்றியும் விசாரித்து விசாரித்து, அவரே பாதித் தரகர் ஆகியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை காலையில் கடையைத் தம்பியிடம் விட்டுவிட்டு, டி.வி.எஸ். வண்டியில் எங்கள் ஸ்கூட்டருக்கு முன்னால் போவார்.

முதலில் கடைவீதிக்குப் பின்னால் ஒரு வீடு. ஒடுக்கமான சந்து, இருட்டு அறைகள், பக்கத்தில் மாவு மில். அணையிலிருந்து வரும் குழாய்த் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். குடித்துப் பார்த்தேன். மருந்து வாடை. "வேண்டாங்க" என்றேன்.

அடுத்தது ரயில் நிலையத்துப் பக்கம். வீடு விசாலம். தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. சோப்பு நுரைக்காது என்று வீட்டுக்காரரே ஒப்புக்கொண்டார்.

மூன்றாவது, ஊர் ஓரத்தில் வயல்களை மனை போட்ட இடம். கிழக்குப் பார்த்த வீடு, முன்னால் இரண்டு தென்னை, பின்னால் ஆழமாகப் போர் போட்டு அடிபம்பு. பாய் நாலு அடி அடித்துச் சொம்பில் பிடித்துக் கொடுத்தார். குளிர்ந்த, லேசாக இனிப்பான தண்ணீர். அவ்வளவையும் குடித்துவிட்டு இன்னொரு சொம்பு கேட்டேன்.

"டீச்சரம்மா மொகத்துல இப்பத்தான் சிரிப்பு வருது" என்றார் பாய். "இந்தப் போர் எந்தக் கோடையிலயும் வத்துனதில்லீங்க."

வீட்டுக்காரர் மகனோடு ஓசூருக்குப் போகிறார்; அதனால் விற்கிறார். அவர் மனைவி முன்னறையில் ஒயர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். வீட்டுக்காரர் பின்னாலிருந்து கூப்பிட்டபோது அந்த அம்மாள் கழுத்தைத் திருப்பவில்லை. இரண்டு கைகளையும் ஊன்றி, நாற்காலியோடு உடம்பு முழுவதையும் திருப்பினார். வாதம் போலிருக்கிறது என்று நினைத்தேன். வாசலில் தெருப் பிள்ளைகள் ஐந்தாறு பேர் என் மகளோடு நொண்டி விளையாடிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் சிரித்தபோது பற்கள் பழுப்பேறியிருந்தன. பல் தேய்க்காத பிள்ளைகள், நாம் வந்து நாலு நல்ல பழக்கம் சொல்லிக்கொடுக்கலாம் என்றுகூட நினைத்தேன். வரும் வெள்ளிக்கிழமை ஒப்பந்தம் எழுதுவது என்று பேசி முடித்தோம்.

புதன்கிழமை மகளுக்கு ஈறு வீங்கியது. பள்ளி விட்டதும் டவுனுக்குக் கூட்டிப்போனேன். சேலத்திலிருந்து வந்து பார்க்கும் இளவயதுப் பல் டாக்டர். வீக்கம் ஒன்றுமில்லை, புதுப்பல் முளைக்கிறது என்றார். பிறகு விளக்கை அருகில் இழுத்து, ஏற்கெனவே பாதி முளைத்திருந்த பல்லை வெகுநேரம் பார்த்தார்.

"எந்த ஊர்த் தண்ணி குடிக்கறீங்க?"

"அதியமான்கோட்டைங்க. வீட்டு போர்த் தண்ணி."

"எத்தனை வருஷமா?"

"இவ கைக்குழந்தையா இருந்தப்ப இருந்து."

அவர் ஒரு சின்னக் கண்ணாடியைப் பிடித்து எனக்குக் காட்டினார். புத்தம் புதுப் பல்லில், சாக்பீஸால் கிழித்ததுபோல் குறுக்காக வெள்ளைக் கோடுகள்.

"நாளாக நாளாக இது பழுப்பாயிடும். தேய்ச்சாப் போகாது. தண்ணியில புளோரைடுன்னு ஒரு உப்பு இருக்குங்க. பாறையில இருந்து வருது. இந்த ஜில்லாவுல நெறைய போர்ல இருக்கு. குழந்தைக்கு ஈறுக்குள்ள பல்லு உருவாகறப்பவே அதைக் கெடுத்துடும்."

"நான் ஒரு நாள்கூடப் பச்சைத் தண்ணி குடுத்ததில்லீங்க டாக்டர். கொதிக்க வெச்சு, ஆற வெச்சு, வடிகட்டித்தான்..."

"கொதிக்க வெச்சா கிருமி சாகும். இது கிருமி இல்லையே. தண்ணி சுண்டச் சுண்ட இது கூடத்தான் செய்யும்."

ஏழு வருடமாக, விறகிலும் ஸ்டவ்விலும், காய்ச்சல் வந்த நாளிலும் எழுந்து நின்று, நான் அந்தத் தண்ணீரைக் கொதிக்க வைத்திருக்கிறேன்.

"ருசியில தெரியாதா?"

"தெரியாதுங்க. சில எடத்துல நல்லாவே இருக்கும்."

பெரியவர்களை என்ன செய்யும் என்று கேட்டேன். வருடக்கணக்கில் குடித்தால் எலும்பில் படியும், முதுகு விறைக்கும், சிலருக்குக் கழுத்தே திரும்பாது என்றார். அந்த ஒயர் நாற்காலி கண்முன்னால் வந்தது. கூடவே என் வகுப்பும். மூன்றாம் வரிசையில் உட்காரும் ஒரு பெண்ணைப் போன வாரம்தான் எல்லோர் முன்னிலையிலும் எழுப்பி நிறுத்தி, "பல்லைத் தேய்க்கறதே கிடையாதா? நாளைக்கு இப்படியே வந்தா வெளியில நிக்கணும்" என்று சொல்லியிருந்தேன். மறுநாள் ஈறெல்லாம் புண்ணாக, ரத்தம் கசிய வந்தாள். செங்கல்பொடி போட்டுத் தேய்த்திருந்தாள். அவள் தினமும் தேய்க்கிறவள் என்று அன்றும் நான் நம்பவில்லை.

வியாழக்கிழமை பள்ளியில் அவளைத் தனியாகக் கூப்பிட்டேன். "உன் மேல தப்பில்ல கண்ணு. தண்ணியாலதான் அப்படி இருக்குது. டீச்சர் தெரியாம திட்டிட்டேன்" என்றேன்.

அவள் கையால் வாயை மூடிக்கொண்டே பதில் சொன்னாள். "பரவால்லீங்க டீச்சர். எங்கம்மாவும் இதுக்குத்தான் அடிக்கறாங்க."

அதற்குப் பிறகு என்னால் பாடம் எடுக்க முடியவில்லை.

அன்று மாலை பாயையும் கணவரையும் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குப் போனேன். வேண்டாம் என்று சொல்லியனுப்பினால் போதும் என்றார் கணவர். எனக்கு அது போதவில்லை. மறைத்துவிட்டார்கள் என்ற கோபம். வீட்டுக்காரர் வெளியே போயிருந்தார். நான் வாசலில் நின்றபடியே அந்த அம்மாளிடம் கேட்டுவிட்டேன்: "தண்ணியப் பத்தி எங்ககிட்ட ஏங்க சொல்லல?"

"தண்ணிக்கு என்னங்க?"

அவருக்குத் தெரியவில்லை. டாக்டர் சொன்னதை மெதுவாகச் சொன்னேன். பல்லில் தொடங்கி எலும்புக்கு வந்தபோது நிறுத்தப் பார்த்தேன். ஆனால் அவரே கேட்டார். "கழுத்துகூட அதனாலதானுங்களா?"

"இருக்கலாம்னு தோணுது. டாக்டர்கிட்ட காட்டுங்க."

பாய் செருப்பைப் பார்த்தபடி நின்றார்.

"எங்க பழைய வூட்டுல உப்புத் தண்ணிங்க" என்றார் அந்த அம்மாள். "இந்தத் தண்ணிக்கோசரம்தான் இங்க வந்தோம். பதினாறு வருசமாச்சு. நான்தான் அவர நச்சரிச்சு வாங்க வெச்சேன். வாதம்னு சேலம் வரைக்கும் போயி எத்தினியோ வைத்தியம் பாத்தாச்சு. தண்ணி நெறையக் குடிக்கச் சொன்னாங்க. குடிச்சேன்."

கோபமாகப் போனவள் அவர் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். திரும்பி வரும் வழியில் பாய் வண்டியை நிறுத்தி, "சத்தியமா எனக்குத் தெரியாதுங்க சார். எம் பொண்ணயும் இந்தப் பக்கம்தான் கட்டிக் குடுத்திருக்கேன்" என்றார்.

அணைத் தண்ணீரில் அந்த உப்புத் தொல்லை இல்லை என்று டாக்டர் சொன்னதால், இரண்டு மாதத்தில் கடைவீதிக்குப் பின்னால் இருந்த அந்த முதல் வீட்டையே வாங்கினோம். மாவு மில் சத்தம் விடியற்காலையில் தொடங்கிவிடும். சமையலறையில் பகலிலும் விளக்குப் போட வேண்டும். மகளின் முன்பல் இரண்டும் டாக்டர் சொன்னபடியே பழுப்பாயின. பின்னால் முளைத்தவற்றில் கோடுகள் கொஞ்சம் குறைவு. பள்ளியில் தலைமை ஆசிரியரிடம் சொல்லி மனு எழுதினோம். தண்ணீரைச் சோதிக்க ஆட்கள் வந்தார்கள், புட்டியில் பிடித்துக்கொண்டு போனார்கள். நான் மாற்றலாகும்வரை பதில் வரவில்லை.

ஊர் ஓரத்து வீடு விற்றுவிட்டது என்று பாய்தான் வந்து சொன்னார். விற்றுக்கொடுத்தது அவர் இல்லை. வாங்கியவர்கள் பாப்பிரெட்டிப்பட்டிப் பக்கத்திலிருந்து வந்த விவசாயக் குடும்பம். வீட்டில் ஒரு கைக்குழந்தை.

"சொன்னீங்களா பாய்?"

"சொன்னேங்க. வெல கொறைக்கறதுக்கு யாரோ கெளப்பிவுட்ட கதைன்னு நெனச்சுட்டாங்க."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நானே போனேன். மகளையும் கூட்டிப்போனேன். அந்தப் பெண்ணுக்கு இருபத்திரண்டு வயதுதான் இருக்கும், குழந்தை இடுப்பில். நான் பேசியதைப் பாதிதான் கேட்டாள். என் மகள் பேச வாயைத் திறந்தபோது அந்தப் பற்களையே பார்த்தாள். பிறகு தெருவில் விளையாடிய பிள்ளைகளைப் பார்த்தாள். குழந்தையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"இருந்த நெலத்த வித்துத்தாங்க வாங்கினோம். இனி எங்கங்க போறது?"

குடிக்கவும் சமைக்கவும் மட்டுமாவது டவுன் குழாயில் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். எங்கள் வீட்டுக் குழாயிலேயே பிடிக்கலாம் என்றேன். அவள் தலையாட்டினாள். வருவார்கள் என்று நான் நம்பவில்லை.

ஆனால் தண்ணீர் விடும் நாளில் அவள் கணவர் வந்தார். சைக்கிளின் இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் குடங்களைக் கட்டிக்கொண்டு, சந்தின் முனையிலேயே இறங்கி, "அக்கா, பிடிச்சுக்கட்டுங்களா?" என்று கேட்டார். எங்களுக்கு மாற்றல் வரும்வரை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் வந்துகொண்டிருந்தார்.