மஞ்சள் நோட்டீஸைத் தேடிப் போனேன்

திவால் வழக்கின் பதிவைத் தேட ஆள் பெயர், தகப்பனார் பெயர், உத்தேச ஆண்டு போதும். இணையத்தில் கிடைக்காத பழைய மனுவுக்குச் சார்பு நீதிமன்றத்தில் கட்டண வில்லை ஒட்டி விண்ணப்பிக்க வேண்டும். மதுரை நீதிமன்றத்தில் வேலை பார்த்தபோது இதை ஊருக்கெல்லாம் சொல்லிக்கொடுத்த மேதாவி நான். சண்முகத்தின் பெயரை மட்டும் அப்போது தேடிப் பார்க்கவில்லை.

சண்முகம் என் பள்ளித் தோழன். சிவகாசிப் பக்கம் எங்கள் ஊரான எம். புதுப்பட்டியில் அவனுடைய பட்டாசுக் கம்பெனி மூடியதும், "மஞ்ச நோட்டீஸ் குடுத்துட்டான்" என்று டீக்கடையில் பேசினார்கள். திவால் மனுவுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். நானும் நம்பினேன்.

ஊரைவிட்டுப் போகுமுன் அவன் என் வாசலில் நின்று, "ஏலே, உள்ள இருக்கியாலே?" என்றான்.

"அவுக வெளியூர் போயிருக்காக" என்று மனைவியைச் சொல்ல வைத்தேன்.

ஓய்வு பெற்ற பிறகு அவனைப் பார்க்க மனம் ஏங்கியது. மனுவில் வக்கீல் பெயர் இருக்கும், அவரைப் பிடித்தால் விலாசம் கிடைக்கும் என்று சிவகாசி நீதிமன்றத்துக்குப் போனேன். பதிவறையில் இருந்த அம்மா எல்லா ஆண்டுகளையும் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"இந்தப் பேருல மனுவே இல்லீங்க ஐயா. நானும் புதுப்பட்டிதான். அவுக வீட்ட வித்து எல்லாருக்கும் குடுத்துட்டுல்ல போனாக! அவுகளுக்கு இங்கன என்ன சோலி?"

திவாலானவர்களின் விலாசங்கள் அந்த அறையில் பத்திரமாக இருக்கின்றன. சண்முகத்தின் விலாசம்தான் எங்கும் இல்லை.

இப்போது வாசலில் யார் கூப்பிட்டாலும், மனைவியை முந்திக்கொண்டு நானே எழுந்து போகிறேன்.