இடக்கைக்கு ஒரு தூண்டில் ராடு

சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்துத் தூண்டில் கடையில்தான் அவரைப் பார்த்தேன். பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப் சட்டை, படிய வாரிய நரைமுடி. வலக்கையை முதுகுக்குப் பின்னால் மடக்கிக்கொண்டு, ஒவ்வொரு ராடையும் இடக்கையால் மட்டுமே தூக்கிப் பார்த்தார்.

தூண்டில் நரம்பின் முனையை என்னிடம் நீட்டி, "சார், மீன் மாதிரி கொஞ்சம் இழுங்களேன்" என்றார்.

மெதுவாக இழுத்தேன். "உங்களுக்கு இடது கைப் பழக்கமா?"

"இல்லங்க, இது வீட்ல அவங்களுக்கு. பக்கவாதம் வந்து வலது கை வரல. கொள்ளிடத்துல என்னைவிட அவங்கதான் நல்லா பிடிப்பாங்க. ரீலை நான் சுத்திக்குவேன், ராடு அவங்க கையில நிக்கணும். முதல் நாளே நழுவிருச்சுன்னா அப்புறம் ஆத்துப் பக்கமே வரமாட்டாங்க."

கனமானவற்றை ஒதுக்கிவிட்டு லேசான ஒன்றை எடுத்தார். முகம் தெளிந்தது.

"சின்ன மீனுக்கு இது போதும்" என்றார் கடைக்காரர்.

ராடு வாங்க வந்தவருக்குச் சுருக்கென்று கோபம் வந்துவிட்டது. "சின்ன மீனா? அவங்க பிடிச்சத நீங்க பாத்ததில்ல." என் பக்கம் திரும்பினார். "சார், நல்லா இழுங்க."

நரம்பைக் கையில் சுற்றிக்கொண்டு, பார்த்தேயிராத அந்த அம்மாவுக்காக, என்னால் முடிந்த மட்டும் பெரிய மீனானேன்.