சட்டைப் பொத்தான் அளவில் ஒரு சூரியன்

தையல்கடை மாஸ்டர் பள்ளியில் இயற்பியலில் வாங்கிய மதிப்பெண்ணைப் பற்றி வாய் திறப்பதில்லை. அண்டத்தைப் பற்றி ஐம்பது வயதில் திறந்த வாயை மூடியதும் இல்லை. அளவு கொடுக்க வந்தவர்கள், சூரிய ஒளி இங்கே வந்துசேர எட்டு நிமிடம் பிடிக்கும் என்பதைக் கைகளைத் தூக்கி நின்றபடியே தெரிந்துகொண்டார்கள். தப்பி ஓடவும் வழியில்லை. டேப் மார்பைச் சுற்றி இருந்தது. தெரு அவருக்கு 'ஆகாசம்' என்று பெயர் வைத்தது.

"பூமியே ஒரு தூசுங்கறீங்க. அந்தத் தூசு மேல கிடக்கிற குப்பையைக் கொஞ்சம் கூட்டுங்களேன்" என்பாள் மனைவி.

நூலகத்தில் ஞாயிறுதோறும் யாராவது பேசுவார்கள். அதில் பத்து நிமிடம் வாங்க மாஸ்டர் இரண்டு வருடம் நடையாய் நடந்தார். கடைசியில் நூலகர் அம்மாள் இறங்கிவந்தார். கல்லூரியில் இயற்பியல் நடத்தும் பேராசிரியர் பார்த்துச் சரி என்று சொல்லிவிட்டால் போதும்.

சனிக்கிழமை காலை மாஸ்டர் நூலகத்தின் நீண்ட நடைவழியில் மண்டிபோட்டார். ஒரு சென்டிமீட்டர் சட்டைப் பொத்தான்தான் சூரியன். அந்தக் கணக்கில் பூமி நாற்பத்திரண்டு இன்ச் தள்ளி, கடைசிக் கோள் நூற்றாறு அடி தள்ளி. டேப்பைப் பிடித்துத் தையல் சாக்பீஸால் எட்டுக் கோடுகள் போட்டார்.

பேராசிரியர் வந்தார், ஒருமுறை நடந்து பார்த்தார். "பிரமாதம் மாஸ்டர்! அப்படியே சரியா இருக்கு. நாளைக்குப் பேசுங்க."

அத்தோடு வீட்டுக்குப் போயிருக்கலாம். மனம் நிறைந்துபோய், பூமியை இன்னொரு முறை அளந்தார். நாற்பத்தாறு.

மார்பு நாற்பத்திரண்டு என்றால் துணியில் நாற்பத்தாறு என்று கோடு போட்டு முப்பது வருடம் பழகிய கை. எட்டுக் கோள்களுக்கும் தலைக்கு நாலு இன்ச் லூஸ் விட்டிருந்தது.

"சார், ஒரு தப்பு நடந்துபோச்சு. எல்லாமே நாலு இன்ச் கூட இருக்கு."

"நாலு இன்ச்சா? அண்டத்துல அது எந்த மூலைக்கு? விடுங்க."

"ஒரு கோடியே நாப்பது லட்சம் கிலோமீட்டர் சார்."

நூலகர் அம்மாள் பேராசிரியரைப் பார்த்தார். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அப்ப நான் சரின்னு சொன்னது தப்புங்கறீங்களா?"

"ஐயோ, இல்ல சார். என் கோடுதான் தப்பு."

"பாத்தீங்களாம்மா, அடிப்படையிலேயே கோளாறு. நாளைக்கு நானே பேசிடறேன். இவர் வந்து உக்காந்து கேக்கட்டும்."

மாலையில் மாஸ்டர் மனைவியைக் கூட்டிவந்து கோடுகளை அழித்தார்.

"பேச்சுதான் போயிடுச்சே, இன்னும் எதுக்கு இந்த வேலை?"

"தப்பா வெட்டினதை அப்படியே விட்டுட்டு வர முடியுமா?"

"அப்ப நீங்க நுனியைப் பிடிங்க, கோடு நான் போடறேன். உங்க கையை நம்ப முடியாது."

அவளுக்கு அண்டத்தின்மேல் எந்த மரியாதையும் கிடையாது. அதனால் நாற்பத்திரண்டு நாற்பத்திரண்டாகவே விழுந்தது.

மறுநாள் பேராசிரியர் மாஸ்டரின் பொத்தானையும் கோடுகளையும் காட்டிப் பேசி, பத்து நிமிடத்தை நாற்பது நிமிடமாக நீட்டினார். பின்வரிசையில் மாஸ்டர் வாயில் ஊசியைக் கடித்திருப்பவர்போல உதட்டை இறுக்கி உட்கார்ந்திருந்தார். முடிவில் முன்வரிசை அம்மா ஒருத்தி எழுந்தாள்.

"இந்தப் பொத்தான்தான் சூரியன்னா, அடுத்த நட்சத்திரம் எங்க சார் இருக்கும்?"

"நாலேகால் ஒளியாண்டு தூரத்துலம்மா."

"அது சரி சார். இந்தப் பொத்தான்லேர்ந்து?"

பேராசிரியர் பலகைப் பக்கம் திரும்பிச் சைபர்கள் போட ஆரம்பித்தார். ஏழாவது சைபரில் பின்வரிசைக்குப் பொறுக்கவில்லை.

"பஸ்ல ஆறு மணி நேரம்மா."

நாற்காலிகள் கிரீச்சிட்டன, கூட்டம் மொத்தமும் பின்பக்கம் திரும்பியது. மாஸ்டர் எழுந்து நின்றார், சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"அம்மாடி!" என்றாள் அவள். "நடுவுல எங்க நிக்கும்?"

"நிக்கறதுக்கு ஒண்ணுமே இல்லம்மா."