மரத்தில் ஒரு தீயணைப்பு நிலையம்

பொறியாளராக இருந்து ஓய்வுபெற்றவன் நான். நான் கையெழுத்திட்ட எந்தக் கட்டடமும் இதுவரை என்னைத் தலைகுனிய வைத்ததில்லை. ஆகவே, மண்டபம் சாலையில் அமையவிருந்த புதிய தீயணைப்பு நிலையத்தை மரத்தால் கட்டலாம் என்று ஆலோசனைக் கூட்டத்தில் நான் எழுந்து சொன்னது விளையாட்டுக்காக அன்று. பழைய நிலையத்தில் உப்புக்காற்று கம்பிகளை அரித்துவிட்டது. கூரைக் காரை தீயணைப்பு வண்டியின் தலையிலேயே உதிர்ந்துகொண்டிருந்தது. வெட்டிய இடத்தில் மறுபடி நட்டு வளர்க்கும் தோட்டங்களிலிருந்து மரம் எடுத்து, பலகைகளாக அறுத்து, பசையிட்டு அழுத்திச் செய்யும் கனத்த உத்தரங்களுக்கு அந்தத் தொல்லை இல்லை. கறையானை எண்ணித் தூண்களைக் கருங்கல் பீடத்தின் மேல் நிறுத்தவும் வரைபடத்தில் வழி செய்திருந்தேன்.

என் மைத்துனருக்குப் பக்கத்துச் சிக்கல் ஊரில் கரி வியாபாரம். சீமைக்கருவேலத்தை அடுக்கி, மண் பூசி மூட்டம் போட்டுக் கரியாக்குபவர். மரம் என்றாலே அவருக்கு எரிவதற்குத்தான். கூட்டத்தில் அவரும் இருந்தார்.

“தீய அணைக்கிறவுகளுக்கு விறகுலயா வீடு மச்சான்?” என்று சபை முழுவதும் கேட்கும்படி கேட்டார்.

சபை சிரித்தது. “கனத்த மரம் மேலே கருகும். அந்தக் கரிப் படலமே உள்ளே தீ போகாமல் தடுக்கும்” என்றேன்.

“எரிச்சுக் காட்டுங்க, நம்புறோம்.”

கூட்டத்தை நடத்திய அதிகாரியும் அதையே பிடித்துக்கொண்டார். சோதனையில் தேறினால் மரம். தேறாவிட்டால் பழையபடி கான்கிரீட். எரியப்போவது உத்தரமா, என் பெயரா என்று சிக்கல் வரை பேச்சாகிவிட்டது. அடுத்து வந்த ஒரு கல்யாணப் பந்தியில் கூட அதைத்தான் பேசினார்கள்.

குறித்த நாளில், பழைய நிலையத்து மைதானத்தில் செங்கல் மேடை கட்டி, அதன்மேல் உத்தரத்தைக் கிடத்திக் கீழே நெருப்பு மூட்டினார்கள். ஒரு மணி நேரம் எரியவிட்டு, பிறகு குறுக்கே அறுத்துப் பார்ப்பதென்று ஏற்பாடு. பாதி நேரம்கூட ஆகியிராது. கடற்காற்றில் சுடர் சட்டென்று உயர்ந்தது. காவலுக்குக் குழாய் பிடித்து நின்ற வீரர் ஒரே பீய்ச்சலில் மொத்தத்தையும் அணைத்துவிட்டார்.

“ஏம்ப்பா, உன்ன யாரு அணைக்கச் சொன்னது?” என்று நிலைய அலுவலர் அலறினார்.

“தீயப் பாத்ததும் கை தானாத் திருகிருச்சு சார்.”

மைத்துனருக்கு அதைவிட வேறென்ன வேண்டும்? “நல்ல மரந்தான் மச்சான்! பக்கத்துல வண்டியும் தண்ணியுமா நின்னா எரியவே எரியாது!”

மைதானமே குலுங்கிச் சிரித்தது. எனக்கும் உதட்டோரம் துடித்தது. ஆனால் அது சிரிக்கும் நேரமன்று. அப்படியே கலைந்திருந்தால், தண்ணீர் ஊற்றி மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன் என்ற பேச்சு என் காலத்துக்கும் நின்றிருக்கும். மாற்றாக வைத்திருந்த உத்தரத்தை மேடையேற்றச் சொன்னேன். வண்டியை வாசலுக்கு வெளியே நிறுத்தி, வீரர்களைக் கைகட்டி வரிசையாக நிற்க வைத்தார் அலுவலர். சுடர் எழும்போதெல்லாம் அந்த வீரர் நெளிந்தார்.

“ஏலே, எச்சியத் துப்பி அணைச்சிறாத!” என்று கூட்டத்தில் ஒருவர் குரல் கொடுத்தார்.

ஒரு மணி நேரம் முழுதாக எரிந்தது. உத்தரம் கட்டைக்கரியைப் போல் கறுத்துக் கிடந்தது. நெருப்பை விலக்கி, ரம்பத்தை வைத்து அறுத்தார்கள். வெட்டு முகத்தில் ஓரம் மட்டும் கறுப்பு. அதற்குள் பட்டறையில் அறுத்த அன்றைய நிறத்திலேயே மரம் இருந்தது. மைத்துனர் குனிந்தார். கத்தி முனையால் கீறினார், முகர்ந்தார், இன்னொரு பக்கமும் கீறினார்.

“இம்புட்டு நேரம் வெந்தும் ஒரு கூடைக் கரி தேறாது போலருக்கே! இத மூட்டத்துல போட்டா என் பொழப்பு போயிரும்” என்றார்.

பிறகு, எல்லோரும் கேட்கும்படியே, “என் கரி மூட்டை அடுக்குற கிட்டங்கிக்கும் இதுலயே கூரை போட்டுக் குடுங்க மச்சான்” என்றார்.

“முதலில் நிலையம் எழும்பட்டும். பிறகு முறைப்படி வந்து கேளுங்கள்” என்றேன்.